பார் இயாங் வீட்டுப் பிடியரிசி

லுங்வார்
4 ஜூலை 2021

லுங்வார் நகரைத் தாங்கி நிற்கும் ஒரே தூணும், சபைச் செயலாளரும், முப்பத்தொரு வருடம் தலைமையாசிரியராக இருந்து ஒரு பிள்ளையையும் கொல்லாமல் ஓய்வுபெற்ற புண்ணியவானுமாகிய உன் தாய்மாமன் பியாக் ஹ்முங், எல்லைக்கு அந்தப் பக்கம் மிசோரம் முகாமில் காய்ச்சல்காரர்களை அதட்டிக்கொண்டிருக்கும் மருமகள் சியாங் தியாலுக்கு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே மூச்சு ஓடுகிறது. உன் இருமல் நின்றதா?

தொலைபேசிக் கோபுரம் செத்து இருபது நாளாகிறது. இனி நமக்குத் தபால் இலாகா உக் தாங்தான். எல்லை தாண்டிக் கொட்டைப்பாக்கு ஏற்றிப் போகும் அவனுடைய மோட்டார் சைக்கிளில், மூட்டையின் நடு வயிற்றில் இந்தக் கடிதம் வருகிறது. நாறினால் பாக்கைத் திட்டு, என் நடையைத் திட்டாதே.

ராணுவம் வந்து என் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறது. அவர்கள் லாரிகள் ஏறிய அன்று நம் மலை மூன்றடி தாழ்ந்துவிட்டது என்கிறார்கள். நான் போய் அளந்தேன், நாலடி. இளவட்டங்களில் பாதிப்பேர் காட்டில். மீதிப்பேர் எங்கே என்று அவர்களைப் பெற்றவர்களுக்கே தெரியாது, அதாவது தெரியாதென்று சொல்கிறார்கள். கேப்டனிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது: அதிகாரத்தில் இருப்பவருக்கு அடங்கி நட என்று பவுல் ரோமாபுரிக்காரர்களுக்கு எழுதிய பகுதியை ஞாயிறுதோறும் ஆராதனையில் வாசிக்க வேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. நாலு அரசாங்கத்துக்கு அடங்கியவன் நான். அரசாங்கம் மழை மாதிரி. திட்டலாம், நனையாமல் இருக்க முடியாது. பிப்ரவரியில் ஜெனரல்கள் ஆட்சியைப் பிடித்ததும் நீ அரசு ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டுக் கிளம்பினாயே, அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன். நீ என்னைக் கோழை என்றாய். உண்மைதான். ஐந்தடி இரண்டங்குல உடம்புக்குள் இவ்வளவு கோழைத்தனத்தை அடக்கி வைத்திருப்பவன் இந்த மலைத்தொடரிலேயே நான் ஒருவன்தான்.

உன் அம்மா நலம். அவளுக்கு வந்திருக்கும் பசியைத்தான் சொல்ல வேண்டும். மூங்கில் குச்சி மாதிரி இருப்பவள், தனியாளாகக் காலம் தள்ளும் விதவை, இப்போது நாலு ஆள் சோறு பொங்குகிறாள். பானையைத் தூக்கிக்கொண்டு மக்காச்சோளக் கொல்லைக்கு மேலே போய், அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவாளாம். காற்று நன்றாக வருகிறதாம். வேலைநிறுத்தம் செய்த வாத்தியார் ரோ லியான், அதாவது உன் அருமைத் தம்பி, எங்கே என்று ராணுவத்தில் என்னைக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. எவ்வளவு தெரியாது என்பது இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும்.

அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள், அப்படியே எழுதுகிறேன்: “ராத்திரி டியூட்டின்னா கம்பளிய போத்திக்க. நான் நல்லாத்தான் இருக்கேன். உன் மாமா எழுதுறதுல பாதிய கழிச்சுட்டுப் படி.”

உன் மாமா,
பியாக் ஹ்முங்


முகாம்
22 ஜூலை 2021

அன்புள்ள மாமா,

உங்களுக்கும் அம்மாவுக்கும் கர்த்தரின் சமாதானம். இருமல் நின்றுவிட்டது. முட்டிவலி தைலத்தை உக் தாங்கிடம் கொடுத்திருக்கிறேன். சோற்றில் ஊற்றிக்கொள்ளாதீர்கள், தேய்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பசி பற்றிப் படித்தேன். நன்றாகச் சாப்பிடட்டும். ஆனால் எச்சரிக்கையாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மழை என்கிறீர்கள். மழை வீட்டைத் தேடி வந்து ஆளைப் பிடித்துப் போகாது. ஊர்வலத்தில் குண்டடி பட்ட பையன்களை எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். சிகிச்சைக்கு முன்னால் பெயரைப் பட்டாளத்துக்கு எழுதிக்கொடு என்று மேலிடத்து உத்தரவு. அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டுத்தான் நான் வெளியே நடந்தேன். பவுல் எழுதியது எனக்கும் தெரியும். பேதுருவை யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் நிறுத்தி வாயை மூடச் சொன்னபோது, மனிதர் பேச்சைவிடத் தேவன் பேச்சைத்தான் கேட்பேன் என்று அவர் சொன்னாரே, அதை ஏன் ஒரு கேப்டனும் வாசிக்கச் சொல்வதில்லை? நீங்கள் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுத்தீர்கள். யாருக்கு என்று ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்தீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வாயைத் தவிர எனக்கு ஊரில் வேறு பத்திரிகை இல்லை.

உங்கள் மருமகள்,
சியாங் தியால்


லுங்வார்
16 ஆகஸ்ட் 2021

சபைச் செயலாளரும், தைலத்தை இரண்டு சொட்டு ருசி பார்த்தவனுமாகிய உன் மாமன் எழுதுவது. நலம். முட்டி இப்போது மான்குட்டி. நேற்று ஆலயப் படிகளை ஒரே தாவில் தாண்டி, மணிக்கூண்டில் தலை இடித்துக்கொண்டேன்.

நேற்று கேப்டனே ஆராதனைக்கு வந்தார். வாசித்தோமா என்று பார்க்க. நம் போதகர் கியோ பிக்கை உனக்குத் தெரியுமே, எறும்புக்கு வழிவிட்டு நடப்பவர். எழுந்தார். பவுல் எழுதியதை ஒரு எழுத்து குறையாமல் வாசித்தார். மூடினார். உட்கார்ந்தார். பிரசங்கம் இல்லை. நாற்பது நிமிடம் ஒரு மூச்சு இல்லை. இந்த மலையில் இத்தனை வருடம் நான் கேட்ட பிரசங்கங்களில் நேற்றுத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. கேப்டன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். சுவரில் மாட்டியிருந்த பிடியரிசிப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். சாதுவான முகம். மூக்குக் கண்ணாடி.

பலகை என்றதும் உன் அம்மாவின் அட்டகாசம் நினைவுக்கு வருகிறது. நம் சபை முறை உனக்குத் தெரியாததா: உலை வைக்கும்போது அந்தப் பானையில் எத்தனை வாய் சாப்பிடுமோ அத்தனை பிடி அரிசி ஆண்டவர் டப்பாவுக்கு. சனிக்கிழமை பெண்கள் கொண்டு வருவதைப் பால் டின்னால் அளந்து, வீட்டுக்கு வீடு பலகையில் எழுதுவது செயலாளன் வேலை. தனியாள் விதவைக்கு வாரத்துக்கு இரண்டரை டின் வரும். உன் அம்மா பத்து டின் கொண்டு வந்து கொட்டினாள்.

“ஏ தங்கச்சி, கொஞ்சம் கொறைச்சுப் போடேன்” என்றேன் காதோடு.

“எதுக்கு?”

“நீ ஒரு ஆளு. ஊரு பாக்குது.”

“பானையில நாலு பேரு சோறுண்ணே. நாலு பிடிதான் போடணும்.”

“ஆண்டவருக்கு நெலவரம் தெரியாதா? ஒரு பிடியோட விட்டா கோவிச்சுக்குவாரா?”

“அவரு கோவிச்சுக்க மாட்டாரு. நான் திருடியா இருப்பேன். ஒளிஞ்சு திங்கிறவங்களுக்குத்தான் அவரு ரெண்டு மடங்கு காவல் வேணும். அதுல போயி கஞ்சத்தனம் பண்ணச் சொல்றியே, நீயெல்லாம் செயலாளரு!”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் என்ன செய்ய? வாயால் லட்சம் பொய் சொல்வேன், உனக்கே தெரியும். ஆண்டவர் பலகையில் சாக்பீஸால் ஒரு பொய் எழுதியதில்லை. எழுதினேன்: பார் இயாங், பத்து டின். நம் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பொறாமைப்படுவதைத் தவிர அந்தப் பலகையை யார் படிக்கப் போகிறார்கள்?

அம்மா சொல்கிறாள்: “பலகையப் பத்தி இவரு எழுதியிருப்பாரு. கண்டுக்காத. பூசணி காச்சிருக்கு. நீ இருந்தா கொழம்பு வெச்சிருப்பேன்.”

உன் மாமா,
பியாக் ஹ்முங்


முகாம்
30 ஆகஸ்ட் 2021

மாமா,

நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை, மன்னியுங்கள். கடிதம் நேற்று இரவுதான் வந்தது.

பலகையை அழித்துவிடுங்கள். இந்த வாரத்துப் பலகையை மட்டுமல்ல, இனி எந்த வாரமும் எழுதாதீர்கள். எண்ணைப் படிக்க மொழி தெரிய வேண்டாம் மாமா. தனியாக இருக்கும் ஒருத்தி பத்து டின் போடுகிறாள் என்றால் எவனும் கேட்பான். இதை உக் தாங் புறப்படும் அவசரத்தில் நின்றபடி எழுதுகிறேன். அம்மாவிடம் நான் காலில் விழுந்து கேட்டதாகச் சொல்லுங்கள், ஒரு பிடி போதும்.

பதில் உடனே எழுதுங்கள்.

சியாங் தியால்


லுங்வார்
26 செப்டம்பர் 2021

அகில லுங்வார் பூசணி மன்னனாகிய உன் மாமன் எழுதுவது. நலம், நலம், மகா நலம்!

தாமதத்துக்கு மன்னிப்பு. காரணம் பூசணி. இந்த வருடம் காய்த்தது ஒன்றல்ல, ஒரு ராஜ்யம். அதற்குள் கோழிகள் மூன்று புகுந்து குடும்பம் நடத்துகின்றன. உள்ளே சேவல் கூவினால் வெளியே எதிரொலி கேட்கிறது. அறுக்க ரம்பம் கொண்டு போனவன் இன்னும் திரும்பவில்லை. முந்தாநாள் ஒரு கரடி வந்து எட்டிப் பார்த்து, இது நமக்குக் கட்டுபடியாகாது என்று தலையாட்டிவிட்டுப் போனது. பன்றிக்கு வேண்டிய மட்டும் தோல் கிடைக்கிறது. உங்கள் வீட்டுப் பன்றி இப்போது என் கையால்தான் சாப்பிடுகிறது. என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

பலகையைப் பற்றி எழுதியிருந்தாய். அழித்துவிட்டேன். அது இப்போது வெறும் பலகை.

குளிர் தொடங்கிவிட்டது. போர்த்திக்கொள். முகாமில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று உக் தாங் சொன்னான். கொதிக்க வைத்த தண்ணீர்தான் வைத்தியம் என்று நர்ஸுக்கே நான் சொல்கிறேன் பார்.

இங்கே எல்லாரும் நலம்.

உன் மாமா


முகாம்
10 அக்டோபர் 2021

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஏழு முறை படித்தேன். அம்மா சொன்ன பாதியைக் கழித்தும் பார்த்தேன். கழித்த பிறகு ஒன்றுமே மிஞ்சவில்லை.

எங்கள் வீட்டுப் பன்றிக்கு நீங்கள் ஏன் சோறு போடுகிறீர்கள்?

கடிதத்தின் அடியில் அம்மா சொல்லும் வரி எங்கே?

சியாங் தியால்


லுங்வார்
3 நவம்பர் 2021

அன்பு சியாங்,

உன் மாமா எழுதுகிறேன். எனக்கு உடம்பு பரவாயில்லை. நீ உட்கார்ந்து படி.

ஆகஸ்ட் 29ஆம் தேதி காலை உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உன் எச்சரிக்கை வந்தபோது அது நடந்து பத்து நாளாகியிருந்தது. பூசணிக்காய்க் கதை எழுதிய அன்று அவள் என் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு அறையில் இருந்தாள். எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் அவ்வளவும் அளந்தேன்.

அவள் பானையோடு மலையேறும்போது ஆறு சிப்பாய்கள் தூரத்தில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பாதி வழியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பவும் இல்லை, ஓடவும் இல்லை. பாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பானையைத் திறந்தாள். அவர்கள் வந்து சுற்றி நின்றார்கள். யாருக்குச் சோறு என்று கேட்டான் ஒருவன். “எனக்குத்தான். ஆளு ஒல்லி, வயிறு பெருசு” என்றாளாம். நாலு ஆள் சோற்றையும் ஒற்றை ஆளாய்த் தின்றாள் சியாங். கடைசிப் பருக்கை வரைக்கும். இரண்டு தடவை வாந்தி வந்து, விழுங்கினாளாம். விறகு வெட்டப் போனவள் ஒருத்தி மறைவில் நின்று பார்த்துவிட்டு வந்து அழுதாள். அவள் தின்று முடிக்கும்வரை அவர்கள் சிரித்துக்கொண்டே காத்திருந்து, பிறகு கூட்டிப் போனார்கள். மேலே குகையில் இருந்த உன் தம்பியும் மற்ற இருவரும் அன்று பட்டினி. ஆனால் உயிரோடு தெற்கே போய்விட்டார்கள்.

பலகையில் எழுதியது நான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் கேப்டன் என்னைக் கூப்பிட்டார். என்னுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொடுத்தார்.

“நான் சப்ளையில பன்னெண்டு வருஷம் இருந்தவன், ஐயா. அரிசிய காட்டுங்க, எத்தனை வாய்னு சொல்லிருவேன். உங்க பலகையப் பாத்ததும் ஊருக்குப் போன மாதிரி இருந்துச்சு.”

“என் தங்கச்சிய விட்டுருங்க, ஐயா. வயசானவ.”

“விட்டுர்றேன். வாராவாரம் பலகைய அழிக்கிறதுக்கு முந்தி நோட்டுல ஏத்துவீங்களாமே. பிப்ரவரிக்கு முந்தி எத்தனை டின், இப்ப எத்தனை டின்னு நான் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். அவ்வளவுதான். எந்தப் பேரும் நீங்க சொல்ல வேணாம். எண்ணே சொல்லிரும்.”

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“உங்க வேதத்துலயே இருக்கே, அதிகாரிக்கு அடங்கணும்னு. ஞாயித்துக்கிழமை கேட்டேனே.”

அந்தப் பவுலுடைய தலையைக் கடைசியில் வெட்டியது எந்த அதிகாரி என்று உங்களுக்குத் தெரியுமா என்று நான் சிங்கம் மாதிரி கர்ஜித்தேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு. அங்கே, “யோசிச்சு சொல்றேங்க” என்றுதான் சொன்னேன். நவம்பர் 28, ஞாயிறு வரை தவணை.

நோட்டை நானே பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் அம்மா மட்டுமில்லை. இன்னும் பதினொரு வீட்டில் அரிசி ஏறியிருக்கிறது. ஒளித்து வைத்துச் சோறு போட்ட எல்லாரும் ஒரு பிடி குறைக்காமல் ஆண்டவருக்குப் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு ஜனம்.

நீயே சொல். நான் என்ன செய்யட்டும்?

மாமா


முகாம்
14 நவம்பர் 2021

மாமா,

கொடுத்துவிடுங்கள்.

மூன்று நாள் ஜெபம் செய்தேன். வேறு ஒன்றும் வரவில்லை. கொடுத்துவிடுங்கள், மாமா. பேரைத் தாளில் எழுத மாட்டேன் என்று நடந்து வந்தவள்தான் நான். அந்தப் பையன்களைப் பெற்றவள் நானில்லை. இப்போது அங்கே இருப்பவள் என்னைப் பெற்றவள். எனக்கு ஒரு அம்மாதான்.

அந்த வீட்டுக்காரர்களுக்கு முதல் நாளே சொல்லி அனுப்புங்கள், ஓடிப் போகட்டும். ஓட முடியாதவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அந்தப் பதினொரு வீடு எவை என்று எனக்கு எழுதாதீர்கள். அடங்கி நட என்று எழுதியதும் வேதம்தானே? நாலு அரசாங்கத்துக்கு அடங்கினீர்களே, எனக்காக இன்னும் ஒரு தடவை அடங்கக் கூடாதா?

இதை எழுதும்போதே கை கூசுகிறது. எழுதிவிட்டேன். உக் தாங்கை இன்றைக்கே கிளப்புகிறேன். தவணைக்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறான்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சியாங்


லுங்வார்
20 டிசம்பர் 2021

அன்பு சியாங்,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வலது கை ஓய்வில் இருக்கிறது.

உன் அம்மா டிசம்பர் 2ஆம் தேதி ஆண்டவரிடம் போய்விட்டாள். காய்ச்சல் என்று சொல்லி உடலைக் கொடுத்தார்கள். போர்வையில் சுற்றியிருந்தது. அவிழ்க்கக் கூடாது, அடக்கத்துக்கு ஆறு பேருக்கு மேல் வரக் கூடாது என்று உத்தரவு. அவிழ்த்தேன். பார்த்ததை உனக்கு எழுத மாட்டேன். நீ வாங்கிக் கொடுத்த பச்சைக் கம்பளியை மாற்றிச் சுற்றி, உன் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஆறு பேர் இல்லை, எழுபது பேர் வந்தார்கள். போதகர் கியோ பிக் அன்றைக்கு வாய் திறந்து பேசினார். மறுநாள் அவரையும் கொண்டு போய்விட்டார்கள்.

தவணைக்கு முந்தின நாள் அவளைப் பார்க்க என்னை விட்டார்கள். எனக்குப் புத்தி வரட்டும் என்று விட்டிருப்பார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து முதலில் கேட்டது உன்னை.

“சியாங் எழுதுனாளா?”

“எழுதுறா. நல்லாருக்கா.”

காவல்காரன் நம் பாஷை தெரியாதவன். அவள் மெதுவாகக் கேட்டாள்:

“நோட்டு எங்கண்ணே?”

“பத்திரமா இருக்கு.”

“பத்திரமா இருக்கக் கூடாது.”

அவ்வளவுதான் பேசினோம். அன்றைக்கே அடுப்பில் போட்டேன். தடி நோட்டு, எரிய வெகுநேரம் பிடித்தது. அந்தப் பதினொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். மும்மூன்று பேராகக் காட்டுவழியில் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கேப்டனிடம் வெறுங்கையோடு போனேன். அதற்கு மேல் நடந்ததற்கு என் வலது கை சாட்சி. இப்போது தினமும் காலை எட்டு மணிக்கு ராணுவ முகாமில் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். அங்கே இருக்க வேண்டாம், இங்கே வந்துவிடுங்கள் என்று நீ எழுதுவாய். நான் ஒரு நாள் போகாவிட்டால் என் வீட்டைச் சுற்றி ஏழு வீட்டைக் கொளுத்துவார்களாம். ஆகவே இங்கேதான்.

நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. முப்பத்தொரு வருடம் வருகைப் பதிவேட்டைப் பிரித்து அந்த வீட்டுப் பிள்ளைகளின் பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். அதே அறையில், அதே நாற்காலிக்கு முன்னால் நின்று இன்னொரு முறை கூப்பிட என் வாய்க்கு வரவில்லை. பவுலோடு எனக்குச் சண்டையும் இல்லை. அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டும் படித்தேன். அடங்கி நட என்றுதான் இருக்கிறது. ஆளைக் காட்டிக்கொடு என்று எங்கும் இல்லை.

ஒரு விஷயம். நவம்பரில் நீ எழுதிய கடிதம் எனக்கு வந்து சேரவில்லை. உக் தாங் எல்லை ஆற்றைத் தாண்டும்போது வண்டி சரிந்து, மூட்டை அவிழ்ந்து, உன் கடிதம் தண்ணீரில் விழுந்து, ஒன்பது முழ மீன் ஒன்று அதை உறையோடு விழுங்கிவிட்டுப் போயே போய்விட்டது. அந்த மீன் கண்ணாடி போட்டிருந்ததாக உக் தாங் சத்தியம் செய்கிறான். ஆகவே அதில் நீ என்ன எழுதியிருந்தாலும் எனக்குத் தெரியாது. நீயும் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு நன்றாகச் சாப்பிடு.

மாமா


முகாம்
17 ஜனவரி 2022

அன்புள்ள மாமா,

உங்கள் கை எலும்பை யாராவது நேராக வைத்துக் கட்டினார்களா? இரண்டு மூங்கில் பட்டையும் துணிச்சுருளும், எப்படிக் கட்டுவது என்று வரைந்த படமும் உக் தாங்கிடம் இருக்கின்றன. விரல்கள் நீலமாகவோ மரத்தோ இருந்தால் கட்டை உடனே தளர்த்துங்கள். காய்ச்சல் வந்தால் வெள்ளை மாத்திரை, வேளைக்கு ஒன்று.

உக் தாங்கை உட்கார வைத்துக் கேட்டேன். அவன் ஆற்றில் விழவில்லை. நவம்பர் 24ஆம் தேதி உங்கள் கையில்தான் கொடுத்திருக்கிறான். நின்றபடியே படித்தீர்களாம். படித்து முடித்துவிட்டு, அவனுக்குத் தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போய், வெகுநேரம் வரவே இல்லையாம்.

உங்கள் மீனுக்கு நன்றி, மாமா. ஆனால் எனக்கு அது வேண்டாம். நான் எழுதினேன். கொடுத்துவிடுங்கள் என்று நான்தான் கேட்டேன். அம்மா என்ன சொன்னாள் என்று இப்போது தெரிந்த பிறகும், அன்றைய தேதியில் என்னை நிறுத்தினால் மறுபடியும் அதையேதான் எழுதுவேன். நீங்கள் கொடுக்காதது சரி என்றும் எனக்குத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்து வைக்க என்னிடம் இடமில்லை. உங்களை மன்னிக்கவும் வரவில்லை, உங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

பத்தாம் தேதி நம் ஊர்ப் பெண் ஒருத்தியைத் தூளியில் தூக்கி வந்தார்கள். நிறைமாசம். காட்டில் ஆறு வாரம் இருந்திருக்கிறாள். அந்தப் பதினொரு வீட்டில் ஒரு வீடு. பிரசவம் நான்தான் பார்த்தேன். பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்கும் குறைவு, ஆனால் குரல் பெரிது. எல்லாம் முடிந்து துடைத்துவிடும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க பியாக் ஹ்முங் சார் மருமகதானே? சார் அன்னிக்கு வாசல்ல வந்து நிக்கலன்னா நாங்க இல்ல. இவளும் இல்ல” என்று அழுதாள்.

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. “உங்க வீட்டைக் காட்டிக்குடுக்கச் சொல்லி அவருக்கு லெட்டர் போட்டவ நான்” என்று சொன்னேன். என்ன எழுதினேன் என்பதை வரிவரியாகச் சொன்னேன்.

அவள் என் கையை விட்டாள். குழந்தையைச் சுவர்ப் பக்கமாக நகர்த்திப் படுக்க வைத்து, எனக்கு முதுகு காட்டிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுவதும் சாப்பாட்டை வேறொரு நர்ஸிடம்தான் வாங்கினாள்.

மறுநாள் காலை காய்ச்சல் பார்க்கும் முறை என்னுடையது. தெர்மாமீட்டரோடு அவள் கட்டிலருகே போய் நின்றேன். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை மட்டும் தூக்கிக் கொடுத்தாள்.

காய்ச்சல் இல்லை.

உங்கள் மருமகள்,
சியாங் தியால்